என் அறையில் புதுக் கோடு

மருமகளுக்கு,

நேற்று மாலை கூடத்தில் நீ, உன் புருஷன், உன் அண்ணன், நான், நான்கு பேரும் இருந்தோம். வீட்டுக் கடனுக்கு இந்த வருடமும் தவணைக்கு மேல் கட்டுவோம், பிறக்கப்போகும் குழந்தைக்கு என் அறையைப் பிரிப்பதைப் பிறகு பார்க்கலாம் என்றேன். "கடன் முடியறதுக்குள்ள குழந்தை காலேஜுக்கே போயிடும், மாமா" என்றான் உன் அண்ணன். எல்லோரும் சிரித்தீர்கள். வெளியாள் முன்னால் நம் வீட்டுக் கணக்கைப் பேசியது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

நீ மட்டும் உன் புருஷனிடம் மெதுவாக, "மாமா ரூமைத் தொட வேண்டாங்க" என்றாய். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இன்று காலை நான் இல்லாதபோது மேஸ்திரி வருவார். என் அறைச் சாவி ஃப்ரிட்ஜ் மேல். அறையைப் பிரிக்க அவர் நடுவில் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டை நேற்று ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். இன்று நானே போட்டிருக்கிறேன். ஜன்னல் பக்கம் குழந்தைக்கு. எனக்குக் கட்டில் போட இடம் இருந்தால் போதும். பலமுறை அழித்துப் போட்டதால் தரை அலங்கோலமாக இருக்கிறது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரை ஒட்டிய கோடுதான் சரி என்று அவரிடம் சொல்.

இந்த வருடம் தவணை மட்டும் கட்டினால் போதும். ஆனால் ஒரு மாதம்கூடப் பிந்தக் கூடாது. பாங்க்காரன் நம் வாசலில் வந்து நிற்கக் கூடாது.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடாக்கிச் சாப்பிடு.

மாமா

புதுச் சுவர் ரொம்பத் தடியாக வேண்டாம். குழந்தை அழுதால் எனக்குக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. நான் கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று கீழ்வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். பால் வாங்கப் போனபோது காதில் விழுந்தது. அப்படியில்லை. பல் டாக்டரிடம் போகிறேன்.