அண்ணன் கணக்கில் ஐந்து ஆம்பியர்

மார்ச் 4

தோழி வெளிநாட்டுக் குடித்தனத்தைக் கலைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் எனக்குக் கொடுத்த கேக் ஓவன் இப்போது நான் படுக்கும் அறையில், பாதி இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

விவாகரத்து வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. இதுவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. கேக் கடைக்கார அம்மா, "சனிக்கிழமை ஒரு சாம்பிள் கொண்டு வா, பிடிச்சிருந்தா தினமும் எடுத்துக்கறேன்" என்றார். பிடித்துவிட்டால் அந்த வருமானத்தில் எனக்கென்று வாடகைக்கு ஓர் அறை, ஒரு சாவி.

மார்ச் 5

ஓவனின் முதுகில் ஒரு தகடு: 110 வோல்ட், 1100 வாட். நம் வீட்டில் வருவது 220. டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்றேன். சொல்லி வைத்தால் வர இரண்டு வாரமாம்.

அண்ணன் சிரித்தார். இருபது வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவர். பள்ளியில் அவருக்கு ஃபார்முலா சார் என்று பெயர். செய்தித்தாளின் ஓரத்திலேயே கணக்குப் போட்டுவிட்டார்.

"வாட்டை வோல்ட்டால வகு. அங்கே பத்து ஆம்பியர். இங்கே அஞ்சுதான். வோல்டேஜ் கூடினா கரண்ட் குறையும்மா. நம்ம வீடு அதுக்கு இன்னும் சௌகரியம்."

"உள்ளே இருக்கற கம்பிக்கு அது தெரியுமாண்ணா?"

"உனக்குப் பாடம் எடுத்ததே நான்தான்."

அண்ணி அடுப்பங்கரையிலிருந்து கண்ணைக் காட்டினாள். வாயை மூடிக்கொண்டேன். ஒண்டியிருப்பவளுக்கு இயற்பியல் எதற்கு?

மார்ச் 6

பாத்திரம் தேய்க்கும்போதும் அந்த ஐந்து உறுத்தியது. அங்கே பத்து ஆம்பியர், சரி. 110-ஐப் பத்தால் வகுத்தால் மின்தடை 11 ஓம். அது கம்பியின் குணம். வீடு மாறினால் மாறாது. (நானும் வீடு மாறிப் பார்த்துவிட்டேன், என் குணமும் மாறவில்லை.) ஆக, 220-ஐ 11-ஆல் வகுத்தால் இருபது ஆம்பியர். இருபதை 220-ஆல் பெருக்கினால் 4400 வாட். நான்கு மடங்கு!

அண்ணனிடம் சொன்னேன். "தகட்டுல ஆயிரத்து நூறுன்னு போட்டிருக்கு. செஞ்சவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அந்த ஆயிரத்து நூறு, 110 வோல்ட் கொடுத்தால்தானே?

நாளை சனிக்கிழமை. அவர் கணக்கே சரியாக இருந்துவிடக் கூடாதா என்று எனக்கும் இருக்கிறது. வெட்கக்கேடு.

மார்ச் 7

முதலில் ஃபியூஸ் போனது. "ஃபியூஸ் பழசு" என்று அண்ணன் தடித்த கம்பியாகப் பார்த்துச் சுற்றினார். வேண்டாம்ணா, வேண்டாம்ணா என்றேன் — கேட்டால்தானே! மறுபடி போட்டதும் ஓவனுக்குள் கம்பி வெள்ளை வெளேரென்று எரிந்தது. "பாத்தியா, என்னமா சூடு ஏறுது!" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. பட்டென்று ஒரு சத்தம். ஒரே புகை. அண்ணி ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

கேக் மேலே கரி, உள்ளே மாவு.

போச்சு. என் அறை போச்சு, சாவி போச்சு. நாலு மடங்குன்னு சொன்னேனே... சொன்னேனே! இந்த வீட்ல நான் சொல்றது யார் காதுல விழுது?

அண்ணனின் தீர்ப்பு: "சரக்கு மட்டம்."

மார்ச் 8

அண்ணன் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் கேக் தட்டில் ஒட்டிய கரியைச் சுரண்டினேன்.

மார்ச் 9

கேக் கடைக்கார அம்மாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அடுத்த சனிக்கிழமை கொண்டு வா. அதுவரைக்கும் உங்க அண்ணனை ஓவன் பக்கம் விடாதே."

மார்ச் 10

ஓவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, கம்பிதான் போயிருக்கிறது. இங்கே 220 வோல்ட்டில் அதே 1100 வாட் வேண்டுமென்றால் ஐந்து ஆம்பியர் போக வேண்டும். அண்ணன் சொன்ன அதே ஐந்து! 220-ஐ ஐந்தால் வகுத்தால் 44 ஓம். ஐந்தில் தப்பில்லை. அதற்கேற்ற கம்பி உள்ளே இல்லை, அவ்வளவுதான்.

ரிப்பேர் கடையில் 44 ஓம் கம்பி மாட்டித் தரச் சொன்னேன். "யாரும்மா போட்ட கணக்கு?" என்றார் கடைக்காரர்.

"பாதி எங்க அண்ணன்" என்றேன்.

மார்ச் 14

கேக் எழும்பியது! கடைக்கார அம்மா கேட்காமலே இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டார்.

மே 3

புது அறை. ஜன்னல் ஒன்றுதான், பிளக் இரண்டு. வந்ததிலிருந்து சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். அண்ணி மட்டும் வந்து பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மே 17

சாயங்காலம் அண்ணன் வந்தார். ஓவனைச் சுற்றிச் சுற்றி வந்தார். கேக் வைத்தேன். பாதி தின்றபின் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கிளாஸ்ல ஒரு பையன் சந்தேகம் கேட்டான். நூத்திப்பத்து வோல்ட் சாமானை இருநூத்தியிருபதுல போட்டா கரண்ட் ஏன் குறையறதில்லன்னு. நீயா இருந்தா எப்படிச் சொல்லுவே?"

சொன்னேன். மின்தடை அப்படியே இருக்கிறது. வோல்டேஜ் இரண்டு மடங்கானால் கரண்டும் இரண்டு மடங்கு. அதனால் பவர் நான்கு மடங்கு. மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

"அதைத்தான் நானும் அவன்கிட்ட சொன்னேன்" என்றார்.

மீசையில் மண் ஒட்டவில்லை. தட்டில் இன்னொரு துண்டு வைத்தேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்டு இரண்டு வாரம் ஆகிறது. எந்தப் பையன் என்று நான் கேட்கவில்லை.