காலிஃபிளவர் புழுவுக்கும் நன்றி

என்னவருக்கு,

இங்கே நான் எழுந்து நடமாடுகிறேன், சமைக்கிறேன், வேலைக்குப் போகிறேன். இப்போதைக்கு நலம் என்றால் இவ்வளவுதான். உங்கள் நலத்தைப் போனில் கேட்டு என்ன பயன்? "நல்லாத்தான் இருக்கேன்" என்பீர்கள். என் குரல் லேசாகக் கம்மினால் போதும், "சிக்னல் இல்ல" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது. கிழித்துப் போடுவதென்றாலும் முழுசாகப் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

உங்கள் அறைத் தோழர் நெட்டையர் லீவில் வந்தவர், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். நுழையும்போதே நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார், பாவம். காபி குடித்து முடிக்கும்வரை சுற்றி வளைத்துப் பேசினார். நானும் விடவில்லை, மெல்ல வாயைக் கிளறினேன். வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கக் கேட்டிருக்கிறீர்களாம். மாசக் கடைசியில் கையெழுத்தாம். பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை, இல்லையா?

அதோடு விட்டாரா? மெஸ்ஸில் இப்போது கறியோ மீனோ எது வந்தாலும் நீங்கள் சாப்பிடுகிறீர்களாம். அதுவும் உட்கார்ந்து இல்லை; கை கழுவும் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டே அள்ளிப் போட்டுக்கொள்கிறீர்களாம். "தட்டைத் தூக்கி நன்றி சொல்லுவீங்களே, அது என்னாச்சு?" என்று அவர் கேட்டாராம். "அதெல்லாம் புதைச்சாச்சு" என்றீர்களாம். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நீங்கள் கறி தின்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த வீட்டில் அதை நிறுத்தியதே நீங்கள்தானே! ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டது, குறையுங்கள் என்று டாக்டர் சொன்னார். நீங்கள் பாதி சாமியாராகவே ஆகிவிட்டீர்கள். காய், கீரை, பயறு, பழம், அவ்வளவுதான். சாப்பிடும் முன் ஆளாளுக்குத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, அந்தச் சாப்பாடு வரக் காரணமான ஒரே ஒரு பெயரைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை அடுத்தவர் சொல்லக் கூடாது. "சோறு ஆறிப்போகுது, இவருக்குப் பூசை வேற" என்று நான் முணுமுணுத்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆனால் நம் பெண் வாலுவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. மழை, வெயில், மண், லாரிக்காரர் எல்லாவற்றையும் நாம் இரண்டு பேரும் முந்திக்கொண்டு சொல்லிவிடுவோம். அவளுக்கு மிச்சம் மீதிதான். ஒருநாள், "இந்தக் காலிஃபிளவர்ல ஒரு புழு இருந்துச்சுல்ல, மொத்தத்தையும் தானே தின்னாம நமக்கும் வெச்சுதே, அதுக்கு நன்றி" என்றாளே! உங்களுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பீன்ஸைப் பார்த்தாலே ஓடிய பிள்ளை, அதற்கப்புறம் நான் நறுக்க நறுக்கக் கேரட்டைக் காலி பண்ணினாள்.

அவளை அடக்கம் செய்த அன்றைக்கு உங்கள் அக்கா சொன்னது என் காதிலும் விழுந்தது. "கறி முட்டைன்னு குடுத்திருந்தா பிள்ளை தேறியிருக்கும். இலையையும் தழையையும் போட்டு வளர்த்தா ரத்தம் எங்கேருந்து ஊறும்?" நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனீர்கள். அடுத்த வாரமே வேலைக்குக் கிளம்பிவிட்டீர்கள். லீவு கிடைக்கவில்லை என்று நான் நினைத்தேன். மக்கு நான். அந்த ஒரு பேச்சைத்தான் பெட்டியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, வாலுவுக்கு வைத்தியம் பார்த்த அந்த டாக்டரம்மாவிடம் போனேன். அந்த வார்டு வாசலை இனி மிதிக்கவே கூடாது என்று இருந்தவள்தான். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவே எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் கொடுத்த சாப்பாட்டால்தான் அவளுக்கு இந்த நோய் வந்ததா என்று நேராகவே கேட்டேன். "இல்லம்மா. நீங்க எதைக் குடுத்திருந்தாலும், எதை நிறுத்தியிருந்தாலும் இது வந்திருக்கும். யார் மேலயும் தப்பில்ல. நல்லா ஊட்டமா வளர்ந்த பிள்ளைதான் அவ, சத்துக் குறைவே கிடையாது" என்றார். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். முகம் சுளிக்காமல் சொன்னார்.

வரும் வழியில் உங்கள் அக்கா வீட்டுக்கும் போய், டாக்டரம்மா சொன்னதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன். நன்றாகக் கத்தியும்விட்டேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவருக்கும் அவள் மருமகள்தானே. திட்டப் போனவள் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு கூத்தைச் சொல்லவா? நன்றி சொல்வதை விட்டது நீங்கள். கேலி பண்ணிய என்னால் விட முடியவில்லை. நானாகச் சொல்வதில்லை, வாய் தானாகச் சொல்கிறது. லாண்டரியில் வேலைக்கு நடுவே மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் "முட்டைக்கோஸுக்கு நன்றி" என்று வந்துவிட்டது. பக்கத்தில் துண்டு மடிக்கிறவள், "யாருகிட்டக்கா பேசுற?" என்றாள். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்ட கடவுளுக்கு என்னடி நன்றி என்று என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிடுகிறேன். மறுநாள் மறுபடியும் சொல்கிறேன். இப்போது மழை என்றாலும் சொல்லலாம், வெயில் என்றாலும் சொல்லலாம். "அதை நான் சொல்லிட்டேன்" என்று சண்டைக்கு வரத்தான் ஆளில்லை.

இனி எழுதப் போவதைப் போனில் சொல்லத்தான் இத்தனை நாளாகத் தவித்தேன். நீங்கள் விடவே இல்லை.

நீங்கள் விமானத்தில் வந்துகொண்டிருந்த அன்றைக்கு, மசித்த பூசணிக்காயில் ஒரு ஸ்பூன் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் சாப்பிடவில்லை. தட்டைத் தூக்க அவளுக்குத் தெம்பில்லை. நான் பிடித்துக்கொண்டேன், அவள் விரலால் விளிம்பைத் தொட்டாள். நீங்கள் எப்படியாவது வந்து சேர்ந்துவிட வேண்டும் என்ற நினைப்பிலேயே இருந்த நான், உங்கள் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள். "அப்பாவுக்கு நன்றி" என்றாள். என்னைப் பார்த்து, "அதை நான் சொல்லிட்டேன். நீ வேற சொல்லு" என்றாள். சிரித்தாள்கூட.

எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அந்தச் சாப்பாட்டை அவளுக்குப் பழக்கியவர் நீங்கள். அவள் நன்றி சொன்னதும் உங்களுக்குத்தான். இப்போது சொல்லுங்கள், உங்கள் அக்கா பேச்சு பெரிதா, நம் பிள்ளை பேச்சு பெரிதா?

செவ்வாய்க்கிழமை கிளம்பும் நெட்டையரிடம்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். கிளம்பி வாருங்கள். கறிதான் வேண்டுமென்றால் கறியே சமைத்துத் தருகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டேன். தட்டைத் தூக்க வேண்டாம், யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாம். என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அது போதும். இந்த வீட்டில் தனியாகச் சாப்பிட என்னால் முடியவில்லைங்க.

எந்தக் கடவுளோடு நீங்கள் பேச்சை நிறுத்தியிருக்கிறீர்களோ, அவரே உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கும்,
வாலுவின் அம்மா.