மணியடிக்கும் கம்பியை எடுத்தது யார்

நேற்றுக் காலை அம்மா கிண்ணத்தில் கண்மையைத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்தாள். அந்த வாசனை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமை தங்கச்சிக்கு மாறுவேடப் போட்டி. அவள் முழங்கையில் கொஞ்சம் மையைத் தடவி, கறுப்பு போதுமா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் அம்மா.

"குறத்தி வேசம் கண்ணு. டீச்சரே சொல்லிட்டாங்க. நீ சோளக்காட்டுச் சந்தைக்குப் போயி நாலு சரம் பாசிமணி வாங்கிட்டு வா."

எங்கள் பள்ளியில் அந்த வேடத்துக்குத்தான் எப்போதும் முதல் பரிசு. ஏழாம் வகுப்பில் நானே வாங்கியிருக்கிறேன், ஒரு சோப்பு டப்பா. டப்பா கொடுத்தவர்கள் மையைக் கழுவச் சோப்பையும் கொடுத்திருக்கலாம் என்று மேடையிலேயே சொல்லிக் கைதட்டு வாங்கினேன். இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. நீ பத்தாம் வகுப்பில் வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தபோது, வாயாடியான எனக்கு மறைக்க ஒரு விஷயம் இருந்தது என்றால் அது இதுதான். பிறகு இன்னொன்று சேர்ந்துகொண்டது.

உன் அப்பாவும் அம்மாவும் சோளக்காட்டுச் சந்தைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார்கள். உன் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு வரை வந்த முதல் ஆள் நீ. உனக்காகவே அவர்கள் ஊர் ஊராகப் போவதை நிறுத்தியிருந்தார்கள். நான் பாடவேளையைப் பாடாய்ப்படும் வேளை என்பேன். நீ சிரித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொள்வாய்.

நூலகத்தில் ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவலை எடுத்தாயே, நினைவிருக்கிறதா? ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊர். வண்டி கட்டிக்கொண்டு நாடோடிகள் வருவார்கள். ஒரு கிழவி கைரேகை பார்ப்பாள். மறுநாள் பண்ணையார் வீட்டுக் குழந்தையைக் காணோம். அதன் பிறகு நீ அந்த அலமாரியையே அலசினாய். ரோமா மக்கள் எனப்படும் அந்த நாடோடிகள் வருகிற கதைகளாகத் தேடித் தேடிப் படித்தாய். ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் என்னிடம் சொன்னாய்:

"எந்தக் கதையிலயும் அவங்க பத்தாம் பக்கத்துல வந்து பன்னெண்டாம் பக்கத்துல போயிடறாங்கடி. போறப்ப ஏதாச்சும் ஒண்ணு காணாம போயிருக்கும். வாயத் தொறந்தா சாபம், இல்லாட்டி ஜோசியம். பசிக்குதுன்னு ஒருத்தர்கூடச் சொல்லல."

வரலாற்றுப் புத்தகம் ஒன்றில் அவர்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தது. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தவறாக நினைத்து மற்றவர்கள் வைத்த பெயர்தான் ஜிப்சி, உண்மையில் அவர்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து நடந்து போனவர்கள் என்று அதில் இருந்தது. "எங்களுக்கும் அப்படித்தான். நாங்க வாக்ரி. நரிக்குறவருன்னு பேரு வெச்சது நீங்க," என்றாய். ஓரத்தில் அவர்கள் மொழியின் சில சொற்கள் அச்சாகியிருந்தன. தண்ணீருக்குப் பானி. நீ அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டாய். உன் வீட்டிலும் தண்ணீர் பானிதான். "எங்காளுங்க அங்கயும் இருக்காங்கடி," என்றாய். உனக்குக் கடலுக்கு அப்பால் சொந்தம் கிடைத்த நாள் அது. நான் வழக்கம்போல, "அப்ப கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்ப ஏரோப்ளேன்தான்," என்றேன்.

அடுத்த வாரம் அறிவியல் தேர்வு. மூன்றாம் பாடவேளை. மணி அடித்தால்தானே மூன்றாம் பாடவேளை பிறக்கும். பலா மரத்தில் மணியாகத் தொங்குகிற தண்டவாளத் துண்டை நம்மால் தூக்க முடியாது. அதை அடிக்கிற கம்பி முழங்கை நீளம்தான். நூலகத்துக்குப் பின்னால் இருக்கிற சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி அடர்ந்து ஏறியிருக்கும் அல்லவா, அதற்குள் சொருகிவிட்டு வந்தேன். அரை மணி நேரம் பள்ளியே குழம்பியது. என் வாழ்க்கையிலேயே சிறந்த குறும்பு என்று பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

விளையாட்டு வாத்தியார் வகுப்புக்குள் வந்தார். "சும்மா தேடித் திரியாதீங்க. பழைய இரும்புக்குப் போட எடுத்திருக்கும். அந்தப் புள்ள பைய வாங்கு."

உன் பையை மேசையில் கொட்டினார்கள். பாசிமணி, நைலான் நூல், நூலகப் புத்தகம், கம்பி வளைக்கிற சின்னக் குறடு. அவர் அதை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார்.

"இது எதுக்கு ஸ்கூலுக்கு?"

"மணி கோக்கறதுக்குங்க சார்."

"எந்த மணி?" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. அந்தக் குரல் என்னுடையது. வாய்க்கு வந்துவிட்டது. வந்தால் நான் விட்டதே இல்லை.

கம்பியை எடுத்தது நான்தான் என்று அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அதைவிடப் புத்திசாலி என்று நினைத்தேன். மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாக வந்து, கம்பியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். கிடைத்துவிட்டது, கதை முடிந்தது என்று கணக்குப் போட்டேன்.

"பயந்துக்கிட்டுக் கொண்டாந்து வெச்சிருச்சு பாருங்க," என்றார் வாட்ச்மேன். விளையாட்டு வாத்தியார் பெரிய மனது பண்ணினார். "சரி, மன்னிச்சு விட்டுட்டோம். போயி உக்காரு." நீ செய்யாததற்கு மன்னிப்பு. அதுவரை வெறும் சந்தேகமாக இருந்ததை நான் சாட்சியாக்கிக் கொடுத்தேன்.

அன்றைக்கு முழுவதும் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். மூன்று முறை என்னைத் திரும்பிப் பார்த்தாய். சாயங்காலம் நாவலை என்னிடம் கொடுத்து, "இத நீயே லைப்ரரில குடுத்துரு," என்றாய். அடுத்த நாள் உன் இடம் காலி. இரண்டு மாதம் கழித்து, மலைக்குக் கீழே ஏதோ திருவிழாவுக்கு மணி விற்கப் போன இடத்தில் உனக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் நீ இல்லை. சோளக்காட்டில் பலாப்பழம் விற்கிற அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பள்ளியில் இருந்திருந்தால் அந்த வாரம் நீ காலாண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்திருப்பாய்.

இரண்டு வருடமாகிவிட்டது. உன்னைப் பார்த்தே இராத ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள்: முன்னே ஒரு குறத்தி இங்கே படித்தாளாம், பள்ளிக்கூட மணியையே தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம். கம்பி வளர்ந்து மணியாகிவிட்டது. இந்த மலையில் உன்னைப் பற்றி இருக்கிற ஒரே கதை அதுதான். நீ தேடித் தேடிப் படித்த கதைகளில் ஒன்றைப் போலவே அதுவும் இருக்கிறது. அதை எழுதியவள் நான்.

நேற்று சோளக்காட்டில் பஸ் இறங்கியபோது, எதிரே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தது உன் அம்மா. மறுபடி மலைக்கு வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

"நல்லாருக்கியா கண்ணு? யாருக்கு மணி?"

வேடம் கட்ட என்று சொல்வதற்குப் பதில், சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, கம்பியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் கையில் கோத்துக்கொண்டிருந்த சரத்தை நிறுத்தவே இல்லை.

"தெரியும் கண்ணு."

"என்னங்கம்மா தெரியும்?"

"லைப்ரரி சன்னல்ல இருந்து பாத்திருக்குது, நீ மரத்துல சொருகுனத. யாரு எடுத்தாங்கன்னு தெரியுமான்னு கேட்டேன். தெரியும்னுச்சு. அப்ப சொல்ல வேண்டியதுதானன்னேன். 'நான் சொன்னா நம்ப மாட்டாங்கம்மா. அவளே சொல்லுவா. சிரிச்சு முடிச்சதும் சொல்லுவா'ன்னுச்சு."

உன் அம்மா அடுத்த மணியைக் கோத்தார்கள். என்னைத் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. வெறுங்கையோடு பஸ் ஏறினேன். வீட்டில் சண்டை போட்டேன். தங்கச்சி மயிலாகப் போகிறாள்.

இன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இன்றைய சிந்தனை சொல்லும் முறை எங்கள் வகுப்புக்கு. மைக்கை நான் வாங்கினேன். "ரெண்டு வருசத்துக்கு முன்னால மணியடிக்கிற கம்பிய எடுத்தது நான். அவ இல்ல," என்றேன்.

மைதானமே சிரித்தது. "வாலு காலங்காத்தாலயே ஆரம்பிச்சிருச்சு," என்றார் விளையாட்டு வாத்தியார், அவரும் சிரித்துக்கொண்டே. யாரும் என்னை நம்பக்கூடாது என்பதற்காகவே இத்தனை வருடம் உழைத்தவள் மாதிரி நின்றேன். நீயும் நம்பப்படவில்லை, நானும் நம்பப்படவில்லை. ஆனால் உன்னை நம்பாததற்கு நீ ஒன்றும் செய்திருக்கவில்லை.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, முதலிலிருந்து மறுபடி சொன்னேன். மிளகுக்கொடி, விடியற்காலை, உன் குறடு, நான் கேட்ட கேள்வி. பாதியில் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி சிரிப்பதை நிறுத்தினாள். விளையாட்டு வாத்தியார் தரையைப் பார்த்தார். ஆனாலும் வகுப்புக்குப் போகிற வரிசையில் யாரோ சொன்னது கேட்டது: "செம நடிப்புடி."

நாளையும் சொல்வேன், வகுப்பு வகுப்பாகப் போய். நாளையும் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நிற்க எனக்குத் தெம்பு இருக்கிறது. என்னால் தாங்க முடியாதது வேறு. அன்றைக்கு முழுவதும் நீ என் பக்கத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு, நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தாய்.