ஜல்லி தீர்ந்துபோன போர்வெல்

பாய், இன்று பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் போர்வெல் இறங்கிக்கொண்டிருந்தது. குழாயோடு மேலே வந்த கருங்களியின் வாடை மூக்கில் ஏறியதும் உங்களைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். நீங்கள் இறந்துபோய் மூன்று வருடம் ஆகிறது.

அப்போது நீங்கள் துபாயிலிருந்து திரும்பி, சம்பாத்தியத்தையெல்லாம் போர் போடும் ஒரு ரிக் வண்டியில் போட்டிருந்தீர்கள். நான் நிலத்தடி நீர் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஓர் ஊரில் குடிநீர் போர்வெல் உப்பாகிக்கொண்டே வந்தது. "கடல் உள்ள வந்துடுச்சு" என்று ஊரே கையை விரித்துவிட்டது. நானும் அதை நம்பி ஆய்வேட்டில் பாதி எழுதியும் விட்டேன்.

அங்கிருந்த போர்வெல் எல்லாமே நீங்கள் போட்டவை, ஒரே ஆழம். ஒவ்வொன்றாகத் தண்ணீர் பிடித்து, உப்பை அளக்கும் மீட்டரை முக்கினேன். எல்லாம் உப்பு. தெரு நடுவில் ஒரு வீட்டில் மட்டும் எண் தடாலென்று இறங்கியது. மீட்டரைக் கழுவிவிட்டு மறுபடி முக்கினேன். அதே எண். வீட்டுக்கார அம்மா சிரித்தார்: "மிசினை ஏங்க கேக்குறீங்க? குடிச்சுப் பாருங்களேன்." குடித்தேன். உப்பே இல்லை. கடல் எப்படி ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட்டுப் போகும்?

உங்களிடம் ஓடி வந்து அந்த வீட்டு போரைப் பற்றிக் கேட்டதும் உங்கள் முகம் சுருங்கிவிட்டது. "அத மட்டும் கேக்காதீங்கம்மா. குழாயச் சுத்தி மேல வரைக்கும் ஜல்லி கொட்டுறதுதான் வழக்கம். அன்னைக்கு பாதியிலயே ஜல்லி தீந்துபோச்சு, லாரியும் வரல. களிமண்ண அள்ளிப் போட்டு மூடிட்டேன். வெளியில சொல்லிடாதீங்க."

நான் கத்தியே விட்டேன். அந்தக் களிமண்தானே காப்பாற்றியிருக்கிறது! காவிரி கொண்டுவந்து கொட்டிய மணலில் மேலடுக்கில் பழைய உப்புத் தண்ணீர், கீழடுக்கில் நல்ல தண்ணீர், நடுவில் களி. அந்தக் களியைத் துளைத்து, குழாயைச் சுற்றி ஜல்லியை நிரப்பி, உப்பு கீழே இறங்க நாமே வழி போட்டுக் கொடுத்திருக்கிறோம். குதிக்காத குறையாகச் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மற்ற அத்தனையும் உங்கள் கை வேலை. வெளியே சொன்னால் உங்கள் தொழில் படுத்துவிடும். சொல்லாவிட்டால் ஊரின் நல்ல தண்ணீர் முழுவதும் கெட்டுவிடும்.

டீ கிளாஸைக் கீழே வைத்தீர்கள். பிறகு, "அப்ப ஒழுங்கா செஞ்சதெல்லாம் தப்பு, ஏமாத்துனது மட்டும் சரியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து நேராக ஊர்க்கூட்டத்துக்கு வந்தீர்கள். "கடல் மேல பழி போடாதீங்க. நான் போட்ட போர்தான் தப்பு. நானே அடைச்சுத் தர்றேன்" என்றீர்கள். திட்டியவர்கள் திட்டி முடிக்கும்வரை நின்றீர்கள். அடைமழைக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக் குழாயாக உருவி, துளையில் களியை இறுக்கினீர்கள்; குடிநீர் போர்வெல்லில் மட்டும் ஜல்லியை எடுத்துவிட்டுக் குழாயைச் சுற்றிக் களி போட்டீர்கள். எழுதிய பாதியை நானும் கிழித்துப் போட்டேன். குடிநீர் போர்வெல்லில் உப்பு குறையத் தொடங்கிய நாளில், மீட்டர் காட்டிய எண்ணைத் தெருவெல்லாம் கத்திக்கொண்டே போனீர்களே, அந்த ஆனந்தத்தை என்னவென்று சொல்வேன்!

போன மாதம் திருக்காட்டுப்பள்ளி அருகே ஒரு கிராமத்தில், நான் குறித்துக் கொடுத்த இடத்தில் உவர்நீர் வந்தது. மண்ணைக் குறை சொல்லித் தப்பித்திருக்கலாம். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றேன். "என் கணிப்புதான் தப்புங்க" என்றேன். அவர்கள் திட்டி முடிக்கும்வரை நானும் உட்காரவில்லை, பாய்.