பேரனுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம்

கண்ணாயி,

உன் ஃபோன் இங்கேயே கிடக்கிறது, அதனால் பால்பவுடர் டப்பாமேல் எழுதிவைத்துப் போகிறேன். குடத்துத் தண்ணீரில் பேரனுக்குப் பால் கரைக்காதே.

பங்களாவில் கடல்மீன் தொட்டிக்கு ஊற்றுகிற, மிஷினில் சுத்தம் பண்ணின தண்ணீர் தீர்ந்துபோய், நாம் குடிக்கும் ஊற்றுத் தண்ணீரைத்தானே ஒரு வாரமாக ஊற்றினேன். மீனெல்லாம் மூச்சுத் திணறுகிறது, பவளம் வெளுத்துவிட்டது. பங்களா ஐயா ஃபோனில் சொன்னபடி தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் எடுத்து, தண்ணீரைச் சோதிக்கிற சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினேன். ரத்தமாகச் சிவந்தது.

"ஏம்ப்பா, எஸ்டேட்ல போட்ட உரமெல்லாம் மழைல கரைஞ்சு அந்த ஊத்துலதான் இறங்கும். கொதிக்க வெச்சாலும் போகாது. சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள தண்ணிய மாத்து, இல்லேன்னா நான் குடுத்த வீட்டைக் காலி பண்ணிடு" என்றார் ஐயா.

"மீனப் பாக்கறதுல பாதி எங்களப் பாருங்க" என்று நேற்று நீ சொன்னது குத்திக்கொண்டே இருந்தது. நம் வீட்டுக் குடத்துத் தண்ணீரையும் அதே மாதிரி குலுக்கிப் பார்த்தேன். அதே சிவப்பு, கண்ணாயி.

கேன் தண்ணீர் வாங்கத் தூரத்து ஒண்டிக்கடைக்கு நடந்து போகிறேன். பொழுது சாய்வதற்குள் என் தோளுக்கு ஒரு கேன்தான் வரும். அது பிள்ளைக்கு, தொட்டிக்கு இல்லை.

பொன்னுவேல்

பங்களாச் சாவி ஆணியில் தொங்குகிறது. ஐயா முதலில் வந்துவிட்டால் கொடுத்துவிடு. கெஞ்சாதே.