மலை சரிந்த எழுத்து

ஷுவாங்கின் அம்மாவுக்கு,

குழந்தையின் கல்லறைக் கல்லில் அப்படி என்னதான் எழுதினீர்கள் என்று கேட்டிருக்கிறாய். நம் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சொல்; இறந்தார் என்று சொல்லவே பல எழுத்துகள் உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு ஒன்று, அதிகாரிகளுக்கு ஒன்று. மலை சரிந்தது என்று பொருள்படும் எழுத்தைப் பேரரசர் இறந்தால் மட்டுமே எழுதலாம். ஊருக்கெல்லாம் கல்லெழுத்து எழுதிக் கொடுக்கும் எனக்கு இது தெரியாதா? ஆறு வயதுப் பிள்ளையைக் குழியில் இறக்கிவிட்டு வந்து தூரிகையை எடுத்தேன். கைக்கு வேறு எழுத்து வரவில்லை.

நீதிபதி நல்லவர்தான். "கை தவறிப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுய்யா, கசையடியோட விட்டுடறேன்" என்றார்.

"தவறலைங்க. தெரிஞ்சுதான் எழுதினேன்" என்றேன்.

திட்டுவாய். திட்டு. அவளைக் கை தவறி எழுதியதாக எப்படிச் சொல்வேன்?

அந்த எழுத்தை உளியால் கொத்தி எடுத்துவிட்டார்களாம். நீ அங்கே போய்ப் பார்க்காதே.

குளிர்காலத்துக்கு எனக்குப் பஞ்சுச் சட்டை தைக்கிறாயென்று உன் தம்பி சொன்னான். துணியை வீணாக்க வேண்டாம். இந்தச் சிறையில் இலையுதிர்காலத்திலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவார்கள்.

என் கல்லுக்குச் சாதாரண எழுத்தே போதும்.

ஷுவாங்கின் அப்பா