தண்ணீர் கேனுக்கு என் பெல்ட்

ஞாயிறு, இரவு.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து தூங்கிவிடும் பிள்ளைகளை, ஓட்டுகிறவர் இடுப்போடு சேர்த்துக் கட்ட நான் ஒரு பெல்ட் தைக்கிறேன். இந்தக் காட்டுப்பாக்கம் அபார்ட்மெண்டிலேயே பதினோரு அம்மாக்கள் வாங்கியிருக்கிறார்கள். முதல் பெல்ட் என் மகள் நிலாவுக்குத் தைத்தது. போன வருஷம் என் கணவர் ஓட்டிய வண்டியிலிருந்து அவள் தூக்கத்தில் சரிந்து விழுந்தாள். நெற்றியில் நாலு தையல்.

இன்று சாயங்காலம் இவர் அவளையும் கூட்டிக்கொண்டு தண்ணீர் கேன் வாங்கப் போனார். பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், வண்டி கேட்டுக்குள் நுழைந்தது. பின் சீட்டில் கேன். என் பெல்ட்டால் இவர் முதுகோடு இறுக்கிக் கட்டியிருந்தது. நிலா முன்னால் கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க இது?" என்று மேலேயிருந்தே கத்தினேன்.

"கேன் விழுந்தா உடைஞ்சிடும்ல? உன் பெல்ட்டு சூப்பரா புடிக்குதுடி!"

பாராட்டுகிறாராம்.

சோறு ஊட்டும்போது நிலா கேட்டாள். "அம்மா, கேனும் தூங்கிடுமா?"

இவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

மற்ற பதினோரு வீட்டில் எதைக் கட்டிக்கொண்டு போகிறார்களோ.